தெரிந்தும் அடிபடாத பந்து: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேஸ்பால் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர் அமெரிக்க லீக் ஆட்டங்களைப் பார்ப்பவர்கள். பேட்டர்களை அதிகம் திணறடித்த ஒற்றைப் பந்து எது என்று ஒரு வாரமாகச் சண்டை. என் கட்சி நோலன் ரயனின் வேகப்பந்து. 5,714 ஸ்ட்ரைக் அவுட்டுக்கு (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) மேல் என்ன சான்று வேண்டும்? ஒரு நண்பர் யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேராவின் கட்டர், அதாவது சற்று விலகிப் போகும் வேகப்பந்து, என்கிறார். கடைசி இன்னிங்ஸில் வந்து பதினைந்து பந்து போட்டுவிட்டுப் போனவரை ரயன் பக்கத்தில் நிறுத்தலாமா? இன்னொருவருக்கு ஓட்டானியின் ஸ்வீப்பர்தான் எல்லாம். ஒரு சந்தேகமும் உண்டு. ரிவேரா கட்டர்தான் போடப் போகிறார் என்று மைதானத்தில் அத்தனை பேருக்கும் தெரியுமாமே, பிறகு ஏன் அடிக்க முடியவில்லை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியில் சந்தேகம் என்று கேட்டிருக்கிறீர்களே, அதுதான் இந்தச் சண்டையைத் தீர்க்கும் அளவுகோல். வருவது என்ன என்று பேட்டருக்குத் தெரிந்த பிறகும் ஒரு பந்து அடிபடாமல் போகிறதா? இதை வைத்துப் பார்த்தால் பட்டியலில் பாதிப் பெயர்கள் உதிர்ந்துவிடும்.

முதலில் உங்கள் ரயன். 5,714 என்பது 27 சீசன்களில், 5,386 இன்னிங்ஸில் ஒரு கை சேர்த்த கணக்கு. அதை ஒரு பந்தின் பெயரில் எழுதிவிட முடியாது. அவரிடம் கூர்மையான வளைபந்தும் இருந்தது. 160 கிலோமீட்டர் வேகத்துக்குத் தயாராக நின்றவர்கள் அந்த வளைபந்து வந்தபோது மட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார்கள். அந்த ஸ்ட்ரைக் அவுட்டில் எது யாருடைய பங்கு என்று பிரிப்பது கடினம். இன்னொரு பக்கமும் பாருங்கள்: ரயன் கொடுத்த வாக் (நான்கு பந்து தவறாகப் போனால் பேட்டருக்குக் கிடைக்கும் முதல் பேஸ்) 2,795. அதுவும் சாதனைதான், இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. அடிக்க முடியாத பந்துதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடிக்காமல் விட்டே முதல் பேஸுக்கு நடந்துபோக வழி இருந்தது.

ஸ்வீப்பர் நண்பரின் மனதில் இருப்பது 2023 மார்ச்சில் மயாமியில் நடந்த வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக் இறுதி ஆட்டம் என்று நினைக்கிறேன். ஜப்பான் 3-2 என்று முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், எதிரே மைக் ட்ரௌட், மூன்று பால் இரண்டு ஸ்ட்ரைக். அதுவரை ஓட்டானி மணிக்கு 160 கிலோமீட்டரையும் தாண்டி எறிந்துகொண்டிருந்தார். அடுத்து 140 கிலோமீட்டரில் பக்கவாட்டில் விலகி ஓடிய ஸ்வீப்பர். ட்ரௌட்டின் மட்டை காற்றை வெட்டியது. அழகான பந்து. ஆனால் அதைக் கொன்ற பந்தாக்கியது அதற்கு முன் வந்த வேகப்பந்துகள். ட்ரெவர் ஹாஃப்மனின் சேஞ்ச்அப்பும் இந்த வகைதான். 601 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக்கொடுப்பது) எடுத்துக்கொடுத்தாலும், வேகப்பந்து போலவே கையை வீசி வேகத்தை மட்டும் குறைப்பதுதான் அதன் சூட்சுமம். வருவது சேஞ்ச்அப் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அது வெறும் மெதுவான பந்து.

கட்டருக்கு அப்படித் துணை தேவைப்படவில்லை. 1997-இல் சக வீரர் ராமிரோ மெண்டோசாவோடு பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தபோது ரிவேராவின் நேரான வேகப்பந்து தானாக விலகத் தொடங்கியது. பயிற்சியாளரோடு சேர்ந்து அதை நேராக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. நல்லவேளை! பிற்காலத்தில் அவர் எறிந்ததில் பத்துக்கு எட்டுக்கும் மேல் கட்டர்தான்.

இனி, ஏன் அடிக்க முடியவில்லை என்பதற்கு வருகிறேன். கிரிக்கெட் கட்டர் தரையில் பட்டுத் திரும்புவது. இங்கே தரையே கிடையாது, எல்லாம் காற்றில். வலது கையால் எறியும் சாதாரண வேகப்பந்து இயல்பாகவே வலது கை பேட்டர் பக்கம் சற்றுச் சாயும். பேட்டரின் கண் அந்தச் சாய்வுக்குப் பழகியிருக்கும். கட்டர் கிட்டத்தட்ட அதே வேகத்தில், அதே பின்சுழற்சியில் வந்து எதிர்ப்பக்கம் போகிறது. ஆகவே அது விலகும் தூரத்தைவிட பேட்டர் ஏமாறும் தூரம் அதிகம். ஸ்லைடர் (வேகம் குறைந்து, கூடுதலாக விலகும் பந்து) என்றால் சுழலும் தையல் சேர்ந்து பந்தின் முகத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், தேர்ந்த கண் அதைப் பிடித்துவிடும். ரிவேராவின் பந்தில் அந்தப் புள்ளி தெரியாது.

நேரக் கணக்கும் உண்டு. பந்து கையை விட்டு மட்டைக்கு வர ஏறத்தாழ 0.4 விநாடி, மட்டையைச் சுழற்றவே 0.15 விநாடி போய்விடும். ஒரே சீரான விசை தள்ளும்போது விலகல் காலத்தின் வர்க்கமாகக் கூடும். அதாவது பாதி நேரத்தில் மொத்த விலகலில் கால் பங்குதான் நடந்திருக்கும். மீதி முக்கால் பங்கும் பேட்டர் முடிவெடுக்கும்போதும் எடுத்த பிறகும்தான் நடக்கிறது. 'கடைசி நேரத்தில் வெட்டியது' என்று வர்ணனையாளர்கள் சொல்வது இதைத்தான். பந்து திடீரென்று எதுவும் செய்வதில்லை.

கட்டர் வரும் என்று தெரிவதால் பேட்டருக்குக் கிடைப்பது பெயர் மட்டுமே. எந்த இடத்துக்கு என்பது கிடைக்காது. மட்டையின் அதிகபட்ச விட்டமே 6.6 சென்டிமீட்டர். நன்றாக அடிபடும் பகுதி அதன் நுனிக்குச் சற்று உள்ளே ஒரு சாண்கூட இல்லாத பட்டை. பந்து பத்து சென்டிமீட்டர் உடல் பக்கம் உள்ளே வந்தால் போதும், இடது கை பேட்டருக்கு மெலிந்த கைப்பிடியில் பட்டு மட்டை பிளக்கும். வழக்கமாக வலது கை பிட்சருக்கு (எறிபவருக்கு) எதிராக இடது கை பேட்டர்களை இறக்குவார்கள். ரிவேராவிடம் இந்த விதி தலைகீழ். இடது கையர்கள்தான் அவரிடம் கூடுதலாகத் திணறினார்கள். 2013-இல் அவர் ஓய்வு பெறும் சீசனில் மினசோட்டா ட்வின்ஸ் அணி உடைந்த மட்டைகளாலேயே ஒரு ஆடும் நாற்காலி செய்து பரிசளித்தது. பேட்டர்களே எழுதிக்கொடுத்த நற்சான்று!

எறியும் முறை பார்க்க எளிது. நான்கு தையல் வேகப்பந்துக்குப் பிடிப்பது போலவே பிடித்து, இரண்டு விரல்களையும் பந்தின் வெளிப்புறத்துக்குக் கொஞ்சம் நகர்த்தி, விடும்போது நடுவிரலில் அழுத்த வேண்டும். மணிக்கட்டைத் திருப்பக் கூடாது. கெடுவது பெரும்பாலும் அங்கேதான். மணிக்கட்டைத் திருப்பினால் வேகம் குறைந்து அது ஒரு சின்ன ஸ்லைடராகிவிடும். நடுவிரல் அழுத்தம் குறைந்தால் விலகாமல் நேராக, அதுவும் நடு பிளேட்டில் வந்து நிற்கும். அடுத்து பந்தைத் தேட வேண்டிய இடம் ரசிகர்கள் இருக்கை. கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2008 ஆல்-ஸ்டார் ஆட்டத்தின்போது எதிரணி பிட்சர் ராய் ஹாலடே ரிவேராவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது அதைத்தான். விரல்கள் இருக்க வேண்டிய இடத்தை ஒரு பந்தில் பேனாவால் வரைந்தே வைத்துக்கொண்டார். எதிரணிக்காரருக்குத் தொழில் ரகசியம் சொல்லிக்கொடுத்த குற்றத்துக்காக யாங்கீஸ் வீரர்கள் தங்களுக்குள் வேடிக்கைக்காக நடத்தும் 'நீதிமன்றத்தில்' ரிவேராவுக்கு அபராதம் போட்டார்கள்.

பதினைந்து பந்துக்காரர் என்ற உங்கள் ஆட்சேபம் நியாயமானது. ரிவேராவின் மொத்தக் கணக்கு 1,283 இன்னிங்ஸ்தான், ரயனுடையதில் கால் பங்குகூட இல்லை. ஒரே ஆட்டத்தில் ஒரு பேட்டர் மூன்று நான்கு முறை பார்த்திருந்தால் கட்டரும் கொஞ்சம் பழகியிருக்கும். 'யார் பெரிய பிட்சர்' என்று கேட்டால் நான் ரிவேராவைச் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டது பந்தை. சீசன் முடிந்து நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில், நாட்டின் தலைசிறந்த பேட்டர்களுக்கு எதிராக 141 இன்னிங்ஸ் எறிந்து ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 0.70 ரன், மொத்தம் இரண்டே ஹோம் ரன். அதில் பெரும்பகுதி ஒரே பந்தை நம்பி.

இதே அளவுகோலில் நெருங்கி வருகிறவர் சாண்டி கூஃபாக்ஸ். முழங்கை நிற்கும் விதத்தை வைத்தே அடுத்து வருவது வளைபந்தா வேகப்பந்தா என்று எதிரணியில் பலர் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கண்டுபிடித்தும் 1965-இல் 382 பேர் அவரிடம் ஸ்ட்ரைக் அவுட். ஆனால் அது பிட்சர்களுக்குச் சாதகமான காலம். எறியும் மேடு 15 அங்குல உயரம், 1969-இல்தான் 10 அங்குலமாகக் குறைத்தார்கள். அந்தத் தள்ளுபடியைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

நக்கிள்பாலும் தேறும். விரல்நுனியால் பிடித்து, ஒன்றிரண்டு சுற்றுக்கு மேல் சுழலாமல் தள்ளிவிடும் பந்து. எங்கே போகும் என்று எறிபவருக்கே தெரியாது. சிக்கலும் அதுதான். 1987-இல் சார்லி ஹஃபின் நக்கிள்பாலைப் பிடிக்க நின்ற கேட்சர் ஜீனோ பெட்ராலி அந்த சீசனில் 35 பந்துகளைத் தவறவிட்டார். கொஞ்சம் கூடுதலாகச் சுழன்றுவிட்டால் பள்ளி மாணவனும் அடிப்பான். தன் கேட்சரையும் தோற்கடிக்கும் பந்துக்கு நான் முதலிடம் தர மாட்டேன்.

கட்டர் தோற்ற இரவையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உங்கள் நண்பர் மிகவும் துள்ளுவார். 2001 வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டம், அரிசோனா. யாங்கீஸ் 2-1 முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் ரிவேரா மூன்று பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், லூயிஸ் கோன்சாலஸும் அதில் ஒருவர். ஒன்பதாவதில் பன்ட்டை (மட்டையை வீசாமல் மெல்லத் தட்டிய பந்தை) எடுத்து இரண்டாம் பேஸுக்கு வீசியதில் ரிவேராவே தவறினார். டோனி வொமாக் இரண்டு பேஸ் ஓடும்படி அடித்துச் சமன் செய்தார். அடுத்த இடது கையர் கிரெய்க் கவுன்செல் மேல் பந்து பட்டது. உள்ளே வெட்டும் பந்துக்கு அது நிரந்தரச் செலவு. பேஸ் மூன்றும் நிரம்பி, ஒரு அவுட். மூன்றாம் பேஸிலிருப்பவரை ஹோம் பிளேட்டில் மடக்க யாங்கீஸ் உள்வட்ட வீரர்களை முன்னே இழுத்து நிறுத்தியது. இடது கையர்கள் இவரிடம் மட்டை உடைந்து அடிப்பது உள்வட்டத்துக்குச் சற்றுப் பின்னால்தான் விழும், முன்னே வந்து நிற்பது ஆபத்து என்று வர்ணனையில் டிம் மெக்கார்வர் சொல்லிக்கொண்டிருந்தார். கோன்சாலஸ் மட்டையின் கைப்பிடியில் கையைச் சற்று மேலே ஏற்றிப் பிடித்திருந்தார். கைப்பிடிப் பக்கம் பட்டுத் தொங்கிப்போன பந்து முன்னே வந்து நின்ற உள்வட்ட வீரர் டெரிக் ஜீட்டரின் தலைக்கு மேலே போய் விழுந்தது; அரிசோனா வென்றது. அவர் வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் அது எளிய கேட்ச்.

பதிவு இணையத்தில் இருக்கிறது. அந்தக் கடைசி இன்னிங்ஸைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, கேட்சர் ஹோர்கே பொசாடாவின் கையுறையைக் கவனியுங்கள். இடது கையர் ஒவ்வொருவருக்கும் அது எங்கே போகிறது என்று பாருங்கள்.