‘கூட யார் வந்திருக்கிறார்கள்?’

வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவர் பதில்

கேள்வி: எழும்பூர் ரயில் நிலையத்தின் அருகே நண்பர்கள் சிலர் சேர்ந்து ஞாயிறுதோறும் உணவு வழங்கி வருகிறோம். அங்கே நடைபாதையில் தங்கும் ஒரு பையனுக்குப் பதினைந்து வயது இருக்கலாம். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்பான். நாங்களும் வலி மாத்திரை கொடுப்போம். சென்ற வாரம் கன்னம் வீங்கியிருந்ததால் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். பெற்றோர் வந்து கையெழுத்திட வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: முதலில் வீக்கத்தைப் பார்ப்போம். சொத்தை பல்லின் நரம்பு வரை இறங்கிய பிறகு, மாத்திரை வலியை மட்டுமே அடக்கும். வேர் நுனியில் சீழ் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். சில சமயம் வலி தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. நரம்பு செத்துப்போனதால் நின்ற வலியை, குணமாகிவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியில் பரவினால் மூச்சுப்பாதையே அடைபடலாம். வாயை இரண்டு விரல் அகலத்துக்குத் திறக்க முடியாமலோ, எச்சிலை விழுங்க முடியாமலோ, நாக்கு மேலே தூக்கிக்கொண்டோ இருந்தால், பல் பிரிவில் வரிசையில் நிற்க வேண்டாம். 108-ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கே கொண்டுசெல்லுங்கள்.

அத்தகைய நிலையில் கையெழுத்து ஒரு தடையே அல்ல. பாதுகாவலர் உடனே கிடைக்காதபோது நல்லெண்ணத்துடன் அளிக்கும் சிகிச்சைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆவது பிரிவு பாதுகாப்பு தருகிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இதுவே 92ஆவது பிரிவு. உயிரைக் காக்கும் சிகிச்சை, நடைமுறைகளுக்காகக் காத்திருக்கக் கூடாது என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது.

அவசரமில்லாத சிகிச்சைக்கு வழி வேறு. ஆதரவின்றி இருக்கும் சிறுவனைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்பவர், தனிநபரானாலும் மருத்துவமனையானாலும், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அவனுடைய பராமரிப்பு குறித்து உத்தரவிடும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. உத்தரவு கையில் இருந்தால் ‘கூட யார் வந்திருக்கிறார்கள்?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஆனால் தொலைபேசியை எடுப்பதற்கு முன் அவனிடம் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் இல்லத்தில் அடைத்துவிடுவார்கள் என்று அஞ்சும் பையன், தனக்குத் தெரியாமல் தகவல் போனதை அறிந்தால் அடுத்த ஞாயிறு உங்கள் வரிசையில் நிற்க மாட்டான். வலியோடு வேறு நிலையத்துக்குப் போய்விடுவான்.

கேள்வி: பல் மருத்துவம் பயிலும் நாங்கள் தெருவோர இளைஞர்களுக்கு முகாம் நடத்தி, பல்துலக்கியும் பற்பசையும் வழங்க எண்ணுகிறோம். பயன் இருக்குமா?

பதில்: பற்பசையின் ஃபுளோரைடு நல்லதுதான், கொடுங்கள். ஆனால் பையையே தலைக்கு வைத்துத் தூங்குபவன் ஈரமான பல்துலக்கியை எங்கே வைப்பான் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். மூடியுள்ள சிறியதாக வாங்குங்கள்.

என் மனக்குறை வேறொன்று. பல முகாம்களில் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, சொத்தைகளை எண்ணி, ‘கல்லூரிக்கு வா’ என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இரவெல்லாம் காய்கறி மூட்டை இறக்கிவிட்டு என் நாற்காலியில் வந்து அமர்ந்த ஒரு பையன், வாயைத் திறப்பதற்கு முன்பே, “இன்னைக்கே முடிச்சிடுவீங்களா டாக்டர்?” என்று கேட்டான். மூன்று தவணையாகச் செய்யும் வேர் சிகிச்சையை அவனுக்கு எழுதிக்கொடுப்பது, ஒன்றும் செய்யாமல் அனுப்புவதற்குச் சமம்.

ஒரே அமர்வில் முடிவதையே முகாமுக்குக் கொண்டுபோங்கள். சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் சிமெண்டால் அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில் உருவானது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், துளைக்கும் இயந்திரமும் வேண்டாம். சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற மருந்தைத் தூரிகையால் தடவினால் சொத்தை பெரும்பாலும் மேலே பரவாமல் நின்றுவிடும். அந்தச் சிமெண்டையும் இந்த மருந்தையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சில்வர் மருந்து தடவிய சொத்தை கறுத்துவிடும். முன்பல்லானால் அவனிடம் கண்ணாடியைக் கொடுத்து, சொல்லிவிட்டுத் தடவுங்கள். வேலை கேட்டுப் போகிறவனுக்குச் சிரிப்பும் முக்கியம்.

கேள்வி: சில பையன்கள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முகர்கிறார்கள். அதட்டித் தடுக்கலாமா?

பதில்: முகர்ந்த நிலையில் இருப்பவனை அதட்டவோ துரத்தவோ கூடவே கூடாது. அதிலுள்ள கரைப்பான்களின் ஆவி உடலில் இருக்கும்போது திடீரென்று பயந்தால், அப்போது சுரக்கும் அட்ரினலினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். அமைதியாகப் பேசி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். பல்லை மரக்கச் செய்யும் ஊசிகள் பலவற்றிலும் அதே அட்ரினலின் கலந்திருக்கிறது என்பதால், கடைசியாக எப்போது முகர்ந்தான் என்று மருத்துவர் கேட்டாக வேண்டும். திட்டுகிற குரலில் கேட்டால் உண்மை வராது. சற்று முன்புதான் என்றால், உயிருக்கு ஆபத்தில்லாத வரை, பல் பிடுங்குவதைத் தள்ளிப்போடலாம். இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் ‘நாளைக்கு வா’ என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன்.