டாங்கியும் சினிமாவும்

அன்புள்ள ஐயா,

கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாக்கியாவில் 1968இல் சீர்திருத்தம் கிளம்பியதையும் அதை அடக்க சோவியத் படை தலைநகர் பிராக்குக்குள் நுழைந்ததையும் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சோவியத் டாங்கிகளுக்கு இரண்டு வரி, மிலோஷ் ஃபோர்மனின் ஒரு படத்துக்கு இரண்டு பக்கம். நாடே தலைகீழாகும்போது சினிமாவும் நாவலும் அவ்வளவு முக்கியமா? எழுத்தாளர்கள் தங்கள் பங்கைத் தாங்களே ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அப்புறம், அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள எதில் தொடங்கலாம்?

முரளி

அன்புள்ள முரளி,

ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்பது சரிதான். கட்சித் தலைவரும் அதிபருமான நொவோட்னியின் நாற்காலி ஆடியதற்கு 1963இல் பொருளாதாரம் படுத்ததும் ஸ்லோவாக்கியர்களின் மனக்குறையும் முக்கியக் காரணங்கள். நாவல் படித்துவிட்டு யாரும் 1968 ஜனவரியில் அவர் இடத்தில் சீர்திருத்தக்காரரான துப்செக்கைக் கட்சித் தலைவராகக் கொண்டுவரவில்லை.

ஆனால் நான் அந்தப் படத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதற்குக் காரணம் வேறு. 'தி ஃபயர்மென்ஸ் பால்' 1967 டிசம்பரில் வந்தது. சின்ன ஊர், தீயணைப்புப் படையின் ஆண்டு விழா. மேஜையில் அடுக்கி வைத்த லாட்டரிப் பரிசுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. விளக்கை அணைக்கிறோம், எடுத்தவர்கள் திருப்பி வைத்துவிடுங்கள் என்கிறது கமிட்டி. விளக்கு எரிந்ததும் பார்த்தால் மிச்சமிருந்ததும் போயிருக்கிறது, தன் மனைவி எடுத்ததை நாணயமாகத் திருப்பி வைக்க வந்த ஒரு கிழவர்தான் வசமாக மாட்டிக்கொள்கிறார், படையின் மானத்தை வாங்கிவிட்டாயே என்று திட்டும் அவருக்குத்தான். நாட்டில் எல்லாரும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று அன்றைய பத்திரிகையில் ஒரு வரி எழுத முடியாது, சினிமாவில் காட்ட முடிந்தது. நிஜத் தீயணைப்புக்காரர்களுக்குக் கோபம் வந்து, ஃபோர்மன் ஊர் ஊராகப் போய் விளக்கம் சொன்னார்.

அதே வருஷம் மே மாதம் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, வேரா ஹித்திலோவாவின் 'டெய்சீஸ்' படத்தில் இரண்டு பெண்கள் விருந்துச் சாப்பாட்டை மிதித்துப் பாழாக்குவதைக் காட்டி, விவசாயிகள் படும் பாடென்ன, இந்த அநியாயமென்ன என்று பொரிந்து தள்ளினார். விவசாயத்தின் நிலைமை பற்றி வாய் திறக்க முடியாத இடத்தில் திரையில் மிதிபட்ட கேக்கைப் பற்றி விவாதம்! எனக்கு இது வெறும் வேடிக்கை அல்ல. பேசவேண்டிய பேச்சு எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே போய்விடும்.

இப்போது உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். 1968 மார்ச்சில் தணிக்கை நடைமுறையில் செத்துவிட்டது. பிராக்கில் இளைஞர்கள் பெரிய அரங்குகளில் கூடி அரசியல்வாதிகளைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள், வானொலி ஒலிபரப்பியது. பத்திரிகை வாங்க வரிசை. நேராகவே கேட்க முடிந்தபோது உருவகக்கதை யாருக்கு வேண்டும்? லூத்விக் வாட்ஸுலிக் நல்ல நாவலாசிரியர், ஆனால் அந்தக் கோடையில் நாட்டை உலுக்கியது ஜூன் 27 அன்று பத்திரிகைகளில் வந்த சீர்திருத்தத்தை விடாமல் முன்னெடுக்கக் கேட்ட அவருடைய 'இரண்டாயிரம் சொற்கள்' என்ற அறிக்கை. கொந்தளிப்பின் புத்தகங்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே எழுதப்பட்டவை, படித்துத் தீர்வது பிறகு.

அந்தப் பிறகு நீளமானது. ஆகஸ்ட் 20 இரவு டாங்கிகள் வந்தன. நூலகங்களிலிருந்து புத்தகங்கள் அகற்றப்பட்டன, ஃபோர்மன் படம் தடைப் பட்டியலுக்குப் போனது. வாட்ஸுலிக் எழுபதுகளில் மெல்லிய தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்துத் தட்டச்சு செய்த புத்தகங்களைக் கைக்குக் கை விட்டார், அந்த நூல் வரிசைக்கு 'பூட்டு' என்று பெயர்.

இன்னொன்று. 1969 ஜனவரியில் தீக்குளித்த மாணவர் யான் பாலாஹ் வைத்த கோரிக்கைகள் இரண்டு: தணிக்கையை நீக்கு, ஆக்கிரமிப்பாளர்களின் 'ஸ்ப்ராவி' பத்திரிகை விநியோகத்தை நிறுத்து. டாங்கி வெளியேறவேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. எது முக்கியம் என்று தூரத்தில் உட்கார்ந்து நாம் போடும் வரிசையும் அங்கே இருந்தவர்கள் போட்ட வரிசையும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

எதில் தொடங்குவது? ஃபோர்மன் படத்திலேயே தொடங்குங்கள், ஒன்றேகால் மணி நேரம்கூட வராது. அடுத்து மிலன் குந்தேராவின் நாவல் 'தி ஜோக்', ஒரு தபால் அட்டையில் எழுதிய கிண்டலால் ஒருவன் வாழ்க்கை கெட்ட கதை. அதையும் முடித்துவிட்டால் யிரி மென்ஸெலின் 'லார்க்ஸ் ஆன் எ ஸ்ட்ரிங்' தேடிப் பாருங்கள். 1969இல் எடுத்த படம், 1990இல்தான் வெளியே வந்து பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியது. பார்த்துவிட்டு எழுதுங்கள், சண்டையைத் தொடரலாம்.