பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் நாட்களை எப்படிக் கழிக்கிறீர்கள்?

பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் கற்பித்தவர்கள் ஓய்வுக்குப் பின் முடங்கிப்போகாமலும் தனித்துப்போகாமலும் இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிமாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் 31 ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து, விரிவுரையாளர்களுக்குரிய ஓய்வு வயதான 65இல் விடைபெற்று, பிறந்த ஊரான திருகோணமலைக்கு நான் திரும்பி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்த அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன்.

முதலாவது ஆண்டு வீணாகத்தான் போயிற்று. வேலை இல்லாதது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. விடைத்தாள் திருத்தும் தொல்லை ஒழிந்ததில் மகிழ்ச்சியே. நேரசூசி இல்லாமற் போனதுதான் வருத்தியது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு நான் போய்ச் சேராவிட்டால் மண்டபத்தில் எண்பது பேர் காத்திருப்பார்கள் என்ற நிலை மாறி, நான் எங்கே இருந்தாலும் எவருக்கும் எதுவும் தடைப்படாது என்ற நிலை வந்துவிட்டது. அந்தக் குறையைத் தீர்க்க வீட்டிலேயே விரிவுரை நடத்தத் தொடங்கினேன். குளிர்சாதனப் பெட்டியில் மரக்கறிகளை வகைப்படுத்தி அடுக்கும் முறையை நான் விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், "இதுக்குச் சோதினையும் வைப்பீங்களோ?" என்று மனைவி கேட்டார். அதன் பின்னரே பொழுதுபோக்குத் தேடுவதை விட்டு, குறித்த ஒரு நேரத்தில் எவராவது என்னை எதிர்பார்த்திருக்கும் இடங்களைத் தேடலானேன்.

இடையில் நான் செய்த இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். பழைய துறையிலேயே வருகைதரு விரிவுரையாளராக ஒரு பருவம் போய்வந்தேன். கொடுப்பனவு ஏழு மாதம் தாமதமானதைவிட, என் பழைய அறையின் கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றது அதிகம் வலித்தது. மற்றது, பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியை நம்பியிருந்தது. ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம் அது நிறுத்தப்பட்டபோது, பல ஆண்டுகளாகச் சேர்ந்த கடிதங்களும் வெளிநாட்டில் இருக்கும் மாணவர்களின் முகவரிகளும் அதனோடு போய்விட்டன. இன்னும் பணியில் இருப்பவர் என்றால், இன்றே அவற்றைச் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து அமர்கிறார்கள். உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழக அனுமதிக்காக நீண்ட காலம் காத்திருப்பவர்கள் அவர்கள். பாடசாலையில் கலம், இழையம், இழைமணி, பிரசாரணம் என்று தமிழில் படித்து உயிரியலில் 'ஏ' எடுத்தவர்கள், விஞ்ஞான பீடத்தில் முதல் நாளே ஆங்கில விரிவுரையின் முன் வாயடைத்துப் போவதை நான் 31 ஆண்டுகளாகப் பார்த்தவன். ஆகவே புதிதாக எதையும் கற்பிப்பதில்லை. தெரிந்ததையே ஆங்கிலத்தில் சொல்லப் பழக்குகிறேன், அவ்வளவுதான். கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் வராவிட்டால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற விதி உண்டு, அது எனக்கும் சேர்த்து. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பிள்ளைகள் பஸ்ஸில் வருகிறார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன்னர் அந்தத் துறையைப் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும் என்று நான் சொன்னால், ஏதோ புராணக் கதை போலக் கேட்கிறார்கள்.

உடற்பயிற்சி பற்றிக் கேட்பவர்களுக்கு என் விடை சிறியது: கோட்டை வாசலிலிருந்து மான்களைப் பார்த்தபடி கோணேசர் கோயில் வரை ஏறி இறங்குகிறேன்.

என்னை உண்மையில் மீட்டெடுத்தது உப்புவெளிக் கரை. வாடைக் காற்று ஓய்ந்து கடல் அடங்கியதும் அங்கே கரைவலை இழுப்பார்கள். ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் விட்டு, வள்ளத்தில் வலையை வளைத்துச் சென்று மறு கயிற்றைத் தொலைவில் கரைசேர்த்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க, நெடுநேரத்தின் பின் நடுவிலுள்ள மடி கரையேறும். முதல் நாள் வேடிக்கை பார்க்கப் போன நான், மறுவாரம் கயிற்றில் கை வைத்து உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டேன்.

அந்த மடியில் சூடையும் கீரியும் நெத்தலியும் காரலும் துள்ளியதைக் கண்டபோதுதான், போமலின் போத்தலில் நிறம் வெளிறிய உடல்களை வைத்தே மீன் கற்பித்துவிட்டேன் என்பது உறைத்தது. பாரைக் குடும்பத்தின் வாலருகே ஓடும் தடித்த செதில் வரிசையை ஆண்டுதோறும் பலகையில் வரைந்தவன் நான். வலைக்குச் சொந்தக்காரரான முதிய சம்மாட்டி ஒருவர் குட்டிப்பாரை ஒன்றை எடுத்து, "பார்க்காதீங்க சேர், தடவுங்க" என்று என் பெருவிரலைப் பிடித்து அந்த வரிசையில் வாலிலிருந்து தலைப்பக்கமாக இழுத்தார். அரம் போல் இருந்தது. பதிலுக்கு, காரலின் தொண்டையைச் சுற்றி ஒளிவிடும் பற்றீரியாக்கள் குடியிருக்கும் உறுப்பு ஒன்று உண்டு என்று சொன்னேன். அன்றிலிருந்து இழுவைப் பையன்கள் எனக்கெனச் சில மீன்களைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். காய்ச்சலில் இரண்டு வாரம் போகாமல் இருந்தபோது சம்மாட்டி தொலைபேசியில் அழைத்து, "சேருக்கு வச்ச மீனெல்லாம் நாறுது" என்றார். பேராசிரியர் பதவி உயர்வுக் கடிதம் வந்த அன்றுகூட நான் அவ்வளவு மகிழவில்லை.

அவர்கள் சொல்லும் பெயர்களைக் கொப்பியில் எழுதி, மாரியில் வலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்க்கிறேன். முதல் கட்டுரைக்கே சான்று போதாது என்று யாரோ ஓர் இளைஞர் குறிப்பு வைத்தார். எத்தனையோ மாணவரின் ஆய்வேட்டில் நானே எழுதிய வாக்கியம் அது. சற்றுக் கோபம் வந்தது, பிறகு திருத்தினேன். தமிழ்நாட்டு நண்பர்களுடன் இப்போது வாரந்தோறும் வழக்காடுவதும் இந்தப் பெயர்களால்தான். நாம் அறக்குளா என்பது அங்கே வஞ்சிரம். தூத்துக்குடியில் அதுவே சீலா. நமக்கோ சீலா என்றால் வேறொரு மீன். ஓய்வு பெற்ற சகபாடிகளின் வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கமும் மரண அறிவித்தலும் தவிர வேறொன்றும் வருவதில்லை என்பதால், இந்தச் சண்டை எனக்கு மிகவும் தேவைப்படுகிறது.

மூன்றாவது கொப்பி நடக்கிறது. சென்ற ஆவணியில் விரலளவான, கோடுபோட்ட மீன் ஒன்று மடியில் வந்தது. விஞ்ஞானப் பெயர் எனக்குத் தெரியும். ஊர்ப் பெயரைக் கேட்டேன். "கறிக்கு ஆகாது சேர், அதுக்கு யார் பேர் வைக்கிறது?" என்றார் சம்மாட்டி. சல்லிக் கரையிலும் அதே பதில்தான் கிடைத்தது. பங்குனி பிறந்ததும் மூதூர்க் கரையில் கேட்டுப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை வரும் பிள்ளைகளில் ஒருத்தியின் தகப்பனார் அங்கே வலை வைத்திருக்கிறாராம்.