அமெரிக்க வரலாற்றின் முக்கிய ஆண்டுகளை மறக்காமல் படிக்க என்ன வழி?

ஆண்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று குழம்புகின்றன, இன்று படித்தது நாளை நினைவில் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். குடியுரிமைத் தேர்வுக்குத்தான் படிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கல்லூரிப் பாடத்துக்காக இருந்தாலும் பரவாயில்லை, நான் சொல்லப்போவது அதற்கும் பொருந்தும்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஏதாவது ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது போன வழியிலேயே நீங்களும் போங்கள். ஆண்டுகள் தானாக வரிசையில் வந்து நிற்கும். எங்கள் வீட்டில் அந்தப் பொருள் பருத்தி.

என் அம்மா கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சின்ன வயதில் கூலிக்குப் பருத்தி எடுக்கப் போனவர். நியூ ஜெர்சியில் எங்களோடு பல ஆண்டுகளாக இருக்கிறார். குடியுரிமைக்கு விண்ணப்பித்த பிறகு, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்வி பதில் பட்டியலைக் காலையும் மாலையும் ஒப்பித்துக்கொண்டிருந்தார். 1776, 1787, 1803, 1861 எல்லாம் வாயில் வரும். ஆனால் வரிசையை மாற்றிக் கேட்டால் நின்றுவிடுவார். உள்நாட்டுப் போருக்கு ஒரு காரணம் சொல்லுங்கள் என்ற கேள்விக்கு "அடிமைமுறை" என்று பதில் சொல்வார். உடனே என்னைத் திருப்பிக் கேட்பார்: "எல்லாரும் சமம்னு 76லயே எழுதிட்டாங்கள்ல, அப்புறம் எதுக்கு இத்தனை வருசம் கழிச்சு அடிச்சுக்கிட்டாங்க?"

சரியான கேள்வி. 76 என்று அவர் சொன்னது 1776 சுதந்திரப் பிரகடனத்தை. அந்தப் பட்டியலில் இதற்குப் பதில் கிடையாது. நான் 1793இலிருந்து ஆரம்பித்தேன்.

அந்த ஆண்டு ஈலை விட்னி என்பவர் பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். நம் ஊர் ஜின்னிங் பாக்டரியின் மூதாதை. அமெரிக்காவின் உள்நிலப் பகுதிகளில் விளையும் பருத்தியில் பஞ்சு கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து கையால் பிரித்தாலும் ஒரு பவுண்டு பஞ்சு தேறுவது பெரிது. இதைச் சொன்னதும் அம்மாவுக்கு மேற்கொண்டு விளக்கமே தேவைப்படவில்லை. "கொட்டை எடுக்க மெசினு வந்துட்டா வெள்ளாமை கூடும். அப்ப பருத்தி எடுக்க ஆளு நெறைய வேணுமே, யாரு எடுத்தா?" என்று அவரே கேட்டார்.

அங்கேதான் இருக்கிறது மொத்தக் கதையும். 1790இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 7 லட்சம் அடிமைகள். 1860இல் கிட்டத்தட்ட 40 லட்சம். வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808இலேயே சட்டம் தடுத்துவிட்டது. அதனால் வர்ஜீனியா மாதிரியான பழைய மாநிலங்களில் இருந்தவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து, தெற்கே பருத்திக் காடுகளுக்கு விற்றார்கள். அப்படி இடம்பெயர்க்கப்பட்டவர்கள் சுமார் 10 லட்சம் பேர்.

பருத்திக்கு நிலமும் வேண்டுமே. 1803இல் பிரான்ஸிடமிருந்து லூசியானாவை 1.5 கோடி டாலருக்கு வாங்கியது பட்டியலில் ஒரு வரியாகத்தான் இருக்கும். 1830இல் பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டம் வந்தது. செரோக்கி மக்கள் ஜார்ஜியாவிலிருந்து துரத்தப்பட்டு, வழியெல்லாம் செத்து விழுந்தார்கள். இப்படிப் பூர்வகுடிகள் விட்டுப்போன மண்ணில் பல பகுதிகள் பருத்திக் காடாயின. 1845இல் டெக்சஸ் சேர்ந்தது. 1848இல் மெக்ஸிகோவுடனான போர் முடிந்து கலிபோர்னியா வரை கைக்கு வந்தது. ஒவ்வொரு முறை புதிய நிலம் சேரும்போதும் ஒரே சண்டைதான்: அங்கே அடிமைமுறை உண்டா, இல்லையா? 1820 உடன்பாடு, 1850 உடன்பாடு, 1854 கான்சஸ் சட்டம் எல்லாம் இந்தச் சண்டையைத் தள்ளிப்போட்ட அல்லது கிளறிவிட்ட ஆண்டுகள். 1857இல், ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் கறுப்பர்கள் குடிமக்களே ஆக முடியாது என்றது. புதிய பகுதிகளில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னது. 1860இல் புதிய பகுதிகளுக்கு அடிமைமுறை பரவக் கூடாது என்ற லிங்கன் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். அவர் பதவியேற்பதற்குள் ஏழு தெற்கு மாநிலங்கள் பிரிந்துவிட்டன. 1861 ஏப்ரலில் வடக்குக்கும் தெற்குக்கும் போர்.

இங்கே யாராவது வந்து, அது மாநில உரிமைக்கான போர், நீங்கள் ஒருதலையாகச் சொல்கிறீர்கள் என்பார்கள். அம்மா படித்த பட்டியலில் அதுவும் சரியான பதில்தான், மறுக்கவில்லை. ஆனால் மிசிசிப்பி பிரிந்துபோனபோது வெளியிட்ட அறிக்கையைப் படித்துப் பாருங்கள். தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு பிணைந்தது என்று தொடக்கத்திலேயே அவர்களே எழுதியிருக்கிறார்கள். என் கருத்து என்று எதையும் நான் சேர்க்கவில்லை.

அம்மாவை அசைத்தது இன்னொரு செய்தி. போரில் தெற்குத் துறைமுகங்களை வடக்குக் கடற்படை அடைத்ததும், இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பஞ்சு இல்லாமல் இந்தியப் பருத்தியைத் தேடின. இந்தியாவில் விலை ஏறியது. பம்பாயில் திடீர்ப் பணக்காரர்கள் முளைத்தார்கள். போர் முடிந்ததும் விலை சரிந்து பலர் மண்ணானார்கள். திருநெல்வேலிச் சீமைப் பருத்தியும் தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறிய காலம் அது. தன் பாட்டன் முப்பாட்டன் காட்டுக்கும் லிங்கனுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று அம்மா நினைத்ததே இல்லை. அதற்குப் பிறகு 1861முதல் 1865வரை அவருக்கு மறக்கவே இல்லை.

1865க்குப் பிறகு பருத்தியை விட்டுவிட்டு, யார் குடிமகன் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டோம். 1865இல் 13வது திருத்தம், அடிமைமுறை ஒழிப்பு. 1868இல் 14வது, இங்கே பிறந்தவர் குடிமகன். ட்ரெட் ஸ்காட் தீர்ப்பு அத்தோடு செத்தது. 1870இல் 15வது, இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது. பெண்களுக்கு 1920. பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை 1924. 1923இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிக்காரர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், வெள்ளையர் அல்ல என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை இல்லை என்றது. 1946இல்தான் இந்தியர்கள் குடியுரிமை பெற வழி பிறந்தது, அதுவும் ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம் என்ற அளவோடு. 1965 மார்ச்சில் அலபாமா மாநிலத்தின் செல்மா ஊர்ப் பாலத்தில் கறுப்பர்களின் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைப் போலீஸ் அடித்தது. ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம். அக்டோபரில் குடியேற்றச் சட்டம், நாடுவாரியான பழைய ஒதுக்கீடு ஒழிந்தது. ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை, காரணங்கள் பல உண்டு. ஆனால் இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே நாடாளுமன்றம், கையெழுத்துப் போட்டவர் ஒரே அதிபர், ஜான்சன். "கறுப்பர் கதை நமக்கு எதற்கு" என்று கேட்கும் நம் ஆட்கள் தாங்கள் எந்தச் சட்டத்தின் வழியாக விமானம் ஏறினார்கள் என்று பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒரு பிறந்தநாள் விருந்தில் அம்மாவை முன்னால் வைத்துக்கொண்டே, "இந்த வயசுல அவங்களுக்கு எதுக்குப் பரீட்சை, பாவம்" என்று என்னிடம் கேட்டார்கள். அம்மாவிடம் கேட்கவில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்கவும் இட்லிக்கு மாவாட்டவும் பெற்றவர்களைக் கூப்பிட்டுக்கொள்கிறோம். பனிக்காலத்தில் நான்கு மாதம் அவர்கள் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். பேச ஆளில்லை, படிக்க ஏதாவது கொடுப்பாரில்லை. என் அம்மா அந்தக் குளிர்காலத்தில் பேசியதுபோல அதற்கு முன் பேசி நான் பார்த்ததில்லை. பாவம் என்று சொன்னவர் மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 55 வயதும் பச்சை அட்டையோடு 15 ஆண்டும் ஆனவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது. வரலாற்றுக் கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளரை நாம் அழைத்துப்போக வேண்டும். அம்மா அப்படித்தான் தேர்ச்சி பெற்றார். அவர் போனபோது 100 கேள்விகளில் 10 கேட்பார்கள், 6 சரியாக இருந்தால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள், 20 கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். பழைய பட்டியல்கள் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன, எந்தப் பட்டியல் என்று பார்த்துப் படியுங்கள். உங்களுக்குக் குழப்பம் 1865க்கு முன்னாலா பின்னாலா என்று கருத்துப் பகுதியில் எழுதினால், அம்மாவுக்கு நான் எழுதிக்கொடுத்த குறிப்புகளில் அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்து போடுகிறேன்.