எழுபதுகளின் நடன இசையான டிஸ்கோவின் அலை ஓய்ந்ததும் பீ ஜீஸ் பாடகர் குழு ஏன் காணாமல் போனது?

காணாமல் போகவில்லை; வானொலியில் அவர்கள் குரல்தான் குறைந்தது. பீ ஜீஸை டிஸ்கோ குழுவாக மட்டும் பார்ப்பது அநியாயம்.

குழுவில் இருந்த பாரி, இரட்டையர்களான ராபின், மாரிஸ் என்ற கிப் சகோதரர்கள் சிறுவயதிலேயே சேர்ந்து பாடியவர்கள். 1958இல் குடும்பம் ஆஸ்திரேலியா சென்றது. 1967இல் இங்கிலாந்து திரும்பியதும் அடுத்தடுத்து வெற்றிகள். அப்போது அவர்கள் பாடியவை சோகம் தோய்ந்த மெல்லிசைப் பாடல்கள். ராபினின் நடுங்கும் குரல், பாரியின் மூச்சு கலந்த குரல், இரண்டையும் இணைக்கும் மாரிஸின் குரல்: ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கே வாய்க்கும் ஒட்டுதல் அது. என்னைக் கேட்டால், டிஸ்கோ பாடல்களைவிட இவையே உயர்ந்தவை.

1969இல் ராபின் பிரிந்து, மறுவருடமே திரும்பினார். பிறகு ஒரு சரிவு. 1975இல் மயாமியில் தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டினுடன் பதிவு செய்தபோதுதான் பாரியின் உச்சஸ்தாயிப் பொய்க்குரல் வெளிப்பட்டது. 1977இல் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தின் டிஸ்கோ பாடல்கள் உலகையே ஆட வைத்தன.

1979இல் அமெரிக்காவில் டிஸ்கோ மீது வெறுப்பு கிளம்பியது. சிகாகோ மைதானம் ஒன்றில் இசைத்தட்டுகளை வெடிவைத்தே தகர்த்தார்கள். அந்த வெறுப்பு இவர்கள் மீதும் விழுந்தது. ஆனால் எழுத்து நிற்கவில்லை. பாடகிகள் பார்பரா ஸ்ட்ரைசாண்ட், டியான் வார்விக் ஆகியோருக்கும், 1983இல் கென்னி ராஜர்ஸ்–டாலி பார்ட்டன் ஜோடிக்கும் பெரிய வெற்றிப் பாடல்களைத் தந்தார்கள். 1987இல் 'யூ வின் அகெய்ன்' பாடலுடன் பிரிட்டனில் மீண்டும் முதலிடம் பிடித்தார்கள்.