மீனவர் பேட்டி, வாட்ஸ்அப் வாய்ஸ், கோயில் கல்வெட்டு: தீசிஸ்ல இதெல்லாம் எப்படி சைட் பண்றது?

ராமேஸ்வரம் பக்கம் மீனவங்ககிட்ட எடுத்த பேட்டி, ஒருத்தர் அனுப்புன வாய்ஸ் மெசேஜ், ஒரு கல்வெட்டு, மூணையும் ஏபிஏ ஸ்டைல்ல (அமெரிக்க உளவியல் சங்கம் சொல்ற, ஆதாரம் காட்டுற முறை) எப்படி போடுறதுன்னு கேட்டிருக்கீங்க. நான் ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்க்காரன், வாடை கொண்டல் சோழகம் கச்சான்னு காத்துக்கு நம்மாளுக வச்சிருக்குற பேரை வச்சுத்தான் தீசிஸ் பண்ணேன், இந்த மண்டையிடி முழுசும் பட்டவன்.

பேட்டிலதான் நான் சறுக்குனேன். 14 பேர்கிட்ட பேசிட்டு 14 பேரையும் பேரு தேதியோட ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல ஏத்தி வச்சிருந்தேன், கைடு பாத்துட்டு "ஏம்ப்பா, இதப் படிச்சிட்டு ஒருத்தன் தேடிப் போனா எங்க போவான், உங்க பெரியப்பா வீட்டுக்கா?"ன்னாரு. லிஸ்ட்டுங்கறது படிக்கிறவன் போய் எடுத்துப் பாக்கக்கூடிய சரக்குக்கு மட்டும்தான். போன்ல பேசுனது, வாட்ஸ்அப்ல வந்ததெல்லாம் 'தனிப்பட்ட தொடர்பு', எழுத்துக்குள்ளயே அடைப்புக்குறில பேரு, அந்த வார்த்தை, தேதி, அவ்வளவுதான். உங்க வாய்ஸ் மெசேஜுக்கு இது போதும்.

ஆனா ஆய்வுக்குன்னே உக்காந்து எடுத்த பேட்டி அதுல கூட வராது. ஏபிஏ 7ஆம் பதிப்பு (2019ல வந்தது) அத உங்க சொந்த டேட்டான்னு சொல்லுது, அதுக்கு சைட்டேஷனே கிடையாது, 'பங்கேற்பாளர் 6'னு போட்டு அவர் சொன்னத எழுதிட்டுப் போலாம். இது வெறும் ஃபார்மேட் சமாச்சாரம் இல்லங்க. எங்கிட்ட ஒருத்தர் பேச்சுவாக்குல கடலட்டை புடிச்ச கதைய சொல்லிட்டாரு, அது 2001ல இருந்து வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, புடிச்சா குத்தம், அவர் பேர நான் அச்சுல போட்டிருந்தா என்னாகும்? பேர எடுத்தா மட்டும் பத்தாது, சின்ன ஊர்ல "கரைவலை சம்மாட்டி (வலைக்குச் சொந்தக்காரர்), 70 வயசு"ன்னு எழுதுனாலே இன்னாருன்னு டீக்கடைல சொல்லிருவாங்க.

எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) ஸ்டைல் வேற, அதுல நீங்க எடுத்த பேட்டியும் லிஸ்ட்ல ஏறும். சிகாகோ ஸ்டைல்ல பெரும்பாலும் அடிக்குறிப்போட முடிஞ்சிரும். அதனால முதல்ல டிபார்ட்மென்ட்ல எந்த ஸ்டைல்னு கேட்டுக்கங்க, எங்கள்ல பாதிப் பேரு கேக்காமயே எழுதுனோம்.

கல்வெட்டுக்கு ஆசிரியர் பேரத் தேடி அலையாதீங்க. அது தொல்லியல் துறையோட கல்வெட்டு ஆண்டறிக்கைல பதிவாயிருந்தா அதுல ஒரு நம்பரும் வருஷமும் இருக்கும், அதுதான் அதோட விலாசம், அந்த அறிக்கையத்தான் சைட் பண்ணணும். நீங்களே போய் எடுத்த போட்டோ உங்க படம்தான், படம் 1னு போட்டு கீழ ஊரு, கோயில், எந்தச் சுவரு, எடுத்த தேதி எழுதுங்க.

கேக்காத ஒண்ணும் சொல்லிறேன். சங்கு பத்தி ஜேம்ஸ் ஹார்னெல்ங்கற ஆய்வாளர் 1914ல எழுதுன புக்க ஸ்கேனா எடுத்துட்டு, நெட்ல ஏத்துன வருஷத்த போடுறாங்க நிறைய பேரு. 1914தான் போடணும். அதே மாதிரி நம்ம பேருகள ரெஃபரன்ஸ் லிஸ்ட் போடுற சாஃப்ட்வேர் தானா திருப்பிப் போடும், அப்பா பேரு முன்னாடி வந்து ஆளு பேரு ஒத்த எழுத்தா சுருங்கிரும், ஒவ்வொண்ணா கையால பாத்துத்தான் சரி பண்ணணும், எனக்கு ஒரு ராத்திரி முழுக்க போச்சு.