தொடை வலி இருக்கட்டும், சிறுநீர் என்ன நிறம்?

கேள்வி: வயது 34. ஒரு வருடம் கழித்து ஜிம்முக்குப் போய் நிறைய ஸ்குவாட் செய்தேன். மறுநாள் தொடங்கிய தொடை வலி மூன்றாம் நாளும் குறையவில்லை. படி இறங்கவே முடியவில்லை. தசை கிழிந்துவிட்டதா? லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கும் என்று இணையத்தில் படித்தேன். வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை போட்டு வருகிறேன்.

பதில்: கிழியவில்லை. தசை கிழிந்தால் அந்த நொடியே ஓரிடத்தில் சுருக்கென்று வலிக்கும், அதுவும் பெரும்பாலும் ஒரு காலில்தான். இரண்டு தொடையும் ஒன்றுபோல மறுநாள் வலிக்க ஆரம்பித்தால், அது பழக்கமில்லாத வேலை கொடுத்ததால் வந்த வலி. இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். லாக்டிக் அமிலக் கதையை விடுங்கள். அது பயிற்சி முடிந்த ஓரிரு மணி நேரத்திலேயே வடிந்திருக்கும்.

ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. நுண்ணிய சேதம் அதிகம் நடப்பது அப்போதுதான். படி இறங்கும்போதும் தசைக்கு அதே வேலை, அதனால்தான் அங்கே உயிர் போகிறது. தசை இழைகளின் ஓரத்தில் சும்மா கிடக்கும் துணைச் செல்கள் (1961-இல்தான் இவை இருப்பதே தெரிய வந்தது) தேவைப்பட்டால் பெருகி, இழையோடு இணைந்து பழுதுபார்த்துவிடும். அடுத்த முறை இதே பயிற்சிக்கு இவ்வளவு வலிக்காது.

சரி, நீங்கள் எழுதாமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். சிறுநீர் கோலா போலவோ, பால் விடாத டீ போலவோ கருத்துப் போகிறதா? தொடை வீங்கி விறைத்து, காலைத் தூக்கவே தெம்பில்லாமல் இருக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் நாளை வரை காத்திருக்காமல் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தசை அளவுக்கு மீறிச் சிதைந்தால் அதிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உடனே சலைன் ஏற்றினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள்.

டைக்ளோஃபெனாக்கை இப்போதே நிறுத்துங்கள். யார் எழுதிக் கொடுத்தது அது? சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிற மாத்திரையை இந்த நேரத்திலா போடுவது? அப்புறம், நீங்களாக லேபுக்குப் போய் சிகே (தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் ஒரு நொதியின் அளவு) பரிசோதனை செய்து பயந்துகொள்ள வேண்டாம். வெறும் பயிற்சி வலியிலேயே அந்த எண் பல மடங்கு ஏறும். அறிகுறி இருந்தால் மருத்துவரே எழுதுவார்.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் மெதுவாக நடமாடுங்கள். வலி அடங்கிய பிறகு ஜிம்முக்குப் போகலாம், அன்று செய்ததில் பாதிகூட வேண்டாம்.